நாஷ் மெட்ரோபாலிட்டன் மக்கர் செய்தால் முதலில் எங்கே கை வைப்பது?

என்னிடம் இருப்பது 1957 நாஷ் மெட்ரோபாலிட்டன். கரீபியன் பச்சை, ஸ்னோபெரி வெள்ளை என்று இரட்டை நிறம். ஸ்டெப்னி பின்னால் வெளியே தொங்கும். முன்சக்கரங்கள் பாதிக்கு மேல் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். இந்த வண்டியை விற்ற அமெரிக்க கம்பெனியின் சொந்த ஊரான கெனோஷாவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் விஸ்கான்சினில் குடியிருக்கிறேன். வண்டி பிறந்தது மட்டும் இங்கே இல்லை. டெட்ராய்ட்டில் வில்லியம் ஃபிளாஜோல் வடிவமைத்த மாதிரியை 1950 ஜனவரியில் நியூயார்க்கில் மக்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசனுக்குச் சின்ன கார்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் செய்தால் விலை கட்டாது என்பதால் வேலை இங்கிலாந்துக்குப் போனது. 1953 அக்டோபரில் லாங்பிரிட்ஜில் உள்ள ஆஸ்டின் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. 1961 வரை செய்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஏறக்குறைய 95,000 வண்டிகள் விற்றன.

வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயர்ப்பலகை அமெரிக்கா, இன்ஜின் ஆஸ்டின், மின்சாரப் பாகங்கள் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. பழைய செவ்ரோலேயில் கைதேர்ந்த மெக்கானிக்கூட இதில் தடுமாறுவார். என் வண்டியில் இருப்பது 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின். அதே குடும்பத்து இன்ஜின்தான் 1950களின் கடைசியிலிருந்து நம்மூர் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியது. என் அப்பா திருநெல்வேலியில் இருபது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். இங்கே வந்து முதல் நாள் பானெட்டைத் தூக்கியதும், “அட, இது நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே!” என்றார். கீழே சொல்வதில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது.

இது புதுப்பித்த வண்டிக்கான வழிமுறை. கொட்டகையில் முப்பது வருஷம் தூங்கிய வண்டிக்கு வேறு கணக்கு. புதுப்பித்த மெட்ரோவில் (மெட்ரோபாலிட்டனின் செல்லப்பெயர்) எனக்கு வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை, புதுப்பித்தவர் கை பட்ட இடத்தில்தான் இருந்தன. புதுப் பெயின்ட் எர்த்தை மறைத்திருக்கும். புது வயர் இடம் மாறியிருக்கும். புது கண்டென்சர் பழையதைவிட மட்டமாக இருக்கும். அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: இந்தப் பக்கம் சமீபத்தில் யார் என்ன செய்தார்கள்?

தொடங்குமுன்

பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். மெட்ரோ தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். பிளஸ் முனை பாடிக்கு, மைனஸ் முனை செல்ஃபுக்கு. பல வண்டிகளைப் பிற்பாடு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றியதை எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இது தெரியாமல் பூஸ்டர் கேபிள் மாட்டினால் பேட்டரி வெடிக்கவும் கூடும். பாசிட்டிவ் எர்த் வண்டியின் லைட்டர் துளையில் இன்றைய போன் சார்ஜரைச் செருகினால் அதோடு சார்ஜர் முடிந்தது. தெரிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பேட்டரிமேல் ஒட்டிவிடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ், அங்குல ஸ்பேனர் செட், உப்புத்தாள், நல்ல டார்ச். லூகாஸ் பாகங்களில் உள்ள பொடித் திருகுகள் பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அமெரிக்க அளவுச் சாவியைப் போட்டு முனையை மழுங்கடித்துவிடாதீர்கள்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது சுற்றவே இல்லை

வண்டி வாங்கிய மூன்றாம் வாரம் எனக்கு வந்த கோளாறு இது. செல்ஃப் இழுத்தால் தூக்கக் கலக்கத்தில் எழுவதுபோல ‘ர்ர்... ர்ர்...’ என்று இரண்டு சுற்று, அவ்வளவுதான். பேட்டரி புதிது. செல்ஃபையும் ரீவைண்ட் செய்து கொடுத்திருந்தார்கள். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவ இழு” என்றார். இழுத்தேன். அவர் சோக் குமிழைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார்.

“என்னடா இது, சோக் கம்பி சுடுது!”

நானும் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு இல்லை, நிஜமாகவே சுட்டது. கம்பியின் மேலுறையிலிருந்து லேசாகக் கருகிய வாசனையும் வந்தது. அந்த நொடியில் விஷயம் விளங்கியது. இன்ஜின் ரப்பர் மவுண்டுகள்மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பாடியையும் இன்ஜினையும் இணைக்க ஒரு தட்டையான பின்னல் பட்டை இருக்க வேண்டும். புதுப்பித்தவர் இன்ஜினை இறக்கிப் பெயின்ட் அடித்து ஏற்றியபோது அந்தப் பட்டையைப் பூட்டவில்லை. செல்ஃப் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழியில்லாமல் சோக் கம்பி வழியாகவும் ஆக்சிலேட்டர் இணைப்பு வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. இன்னும் நாலு தடவை இழுத்திருந்தால் கார்புரேட்டர் பக்கத்திலேயே தீப்பொறி பறந்திருக்கும்.

ஆக, செல்ஃப் சோம்பினால் இப்படிப் போங்கள். செல்ஃபை இழுத்துக்கொண்டே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது. பட்டை இருக்கிறதா, அதன் இரண்டு முனைகளும் வெற்று உலோகத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயின்ட்மேல் போல்ட் முடுக்கியிருந்தால் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு முடுக்குங்கள். பேட்டரி எர்த் கேபிள் பாடியைத் தொடும் இடத்துக்கும் இதே வைத்தியம். இரண்டும் சரியென்றால் மட்டும் செல்ஃபைச் சந்தேகிக்கலாம்.

மோட்டார் ‘ஙீ’ என்று வேகமாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பெண்டிக்ஸ் பல்சக்கரம் ஏறவில்லை என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கும் கிளட்ச் தூளும் சேர்ந்து அதன் திருகுத் தண்டில் ஒட்டிக்கொள்ளும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து அப்படியே பூட்டுங்கள். எண்ணெய் போடக் கூடாது. போட்டால் தூசி ஒட்டி ஒரு மாதத்தில் பழையபடி நிற்கும். ‘டக்’ என்று ஏறிச் சிக்கிக்கொண்டால் இக்னிஷனை அணைத்துவிட்டு டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், விடுபடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்பார்க்கா, பெட்ரோலா? இதை முடிவு செய்யாமல் ஸ்பேனர் எடுக்காதீர்கள். ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் உலோகத்தில் சாய்த்து வைத்துச் சுற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் வாயிலிருந்து தள்ளி வையுங்கள். நீலநிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் இக்னிஷன் பெரும்பாலும் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமல் போனாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறங்கள்.

உள்ளே பாயிண்ட் என்ற, திறந்து மூடும் தொடுமுனை இருக்கும். அதன் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். புதுப் பாயிண்டில் தொழிற்சாலை தடவிய பாதுகாப்புப் பசை இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டினால் மின்சாரம் பாயாது. ஒரு வெள்ளைத் தாளைப் பாயிண்ட் நடுவே விட்டு இழுத்தால் கறை தெரியும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். தீப்பற்றும் வரிசை 1-3-4-2. பிளக் வயர்களைப் பளபளப்பாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள், வரிசை மட்டும் தப்பாக இருக்கும். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிடுங்கள்.

ஸ்பார்க் சரியென்றால் பெட்ரோல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினைச் சுற்றுங்கள். இன்ஜின் ஓட்டும் பம்ப் ஒவ்வொரு தள்ளலுக்கும் கொழகொழவென்று துப்ப வேண்டும். துப்பவில்லை என்றால் பம்பின் டயாஃப்ரம், சல்லடை, டாங்க் என்று பின்னோக்கிப் போங்கள். இங்கே விற்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய வகை ரப்பரை அது ஊறவைத்துக் கூழாக்கிவிடும். டயாஃப்ரமும் ரப்பர் குழாயும் எத்தனால் தாங்குபவைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நடுரோட்டில் நிற்கிறது

மெட்ரோ வைத்திருப்பவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். எல்லோரும் உடனே “பெட்ரோல் கொதிக்கிறது” என்பார்கள். பி-சீரிஸ் இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்குக் கீழே சூடு ஏறத்தான் செய்யும். கோடையில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதும் உண்மை. ஆனாலும் என் அனுபவத்தில் மூன்று காரணங்களில் அதுதான் கடைசி.

முதல் காரணம் கண்டென்சர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சுண்டுவிரல் அளவு உருளை. இன்று புதிதாகக் கிடைப்பவற்றில் பல, குளிர்ந்திருக்கும்போது பிழையில்லாமல் வேலை செய்து, சூடேறியதும் கைவிடும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும். அதனால் டோ டிரக் வந்து ஷெட்டில் இறக்கியதும் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். எனக்கு இப்படி இரண்டு முறை நடந்தது. மூன்றாம் முறை, நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்த்தேன். மங்கிய மஞ்சள். கண்டென்சரை மாற்றியதும் நோய் தீர்ந்தது. புதுப்பித்தவர் கழற்றிப் போட்ட பழைய லூகாஸ் கண்டென்சர் ஒன்று உதிரிப் பெட்டியில் கிடந்தது. அதைத்தான் மாட்டினேன், இன்றைக்கும் ஓடுகிறது. நின்ற இடத்தில் பார்ப்பதுதான் இதில் முக்கியம். ஆறிய பிறகு செய்யும் எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

அதே மூடிக்குள் இருக்கும் ரோட்டார் ஆர்ம், நடுவில் ஆணி அடித்த புது நகல் என்றால், பிளாஸ்டிக் வழியே மின்சாரம் அந்த ஆணி மூலம் தண்டுக்கு இறங்கிவிடும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆணியில்லாத நல்ல ரோட்டார் ஒன்று காரிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது பெட்ரோல் டாங்க் மூடி. பழைய மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. அழகுக்காகப் புது மூடி போட்டிருந்தால் துளை இல்லாமல் இருக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய டாங்க்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் நிற்கும். வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

மூன்றாவதுதான் ஆவியடைப்பு. பொறி நீலமாக இருந்து, மூடியும் சரியாக இருந்து, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள குழாய் தொட முடியாத சூட்டில் இருந்தால் அதுதான். ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். நிரந்தரத் தீர்வு, குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி வளைப்பதும், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பேக்கிங் போடுவதும்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை, மிஸ்ஸிங் இருக்கிறது

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டி என்றால் பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலைப் பாருங்கள். லூகாஸ் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று இரண்டு முனைகள். எர்த்தை மாற்றும்போது அந்த இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மறந்தாலும் வண்டி ஓடும், அதனாலேயே யாரும் கண்டுபிடிப்பதில்லை. பிளக்கின் நடுமுனை சூடானது. அங்கிருந்து எலக்ட்ரான் கிளம்புவது எளிது. திசை திரும்பினால் பொறி உண்டாகக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும். ஏற்றத்திலும் குளிர்காலை ஸ்டார்ட்டிலும் அது தெரியும்.

பென்சிலால் இதைச் சோதிக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஒரு பிளக் வயரைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்துச் சற்றே தூக்கி, பிளக்குக்கும் வயருக்கும் நடுவே கூரிய பென்சில் முனையை நீட்டுங்கள். கரியிலிருந்து பிளக் பக்கமாகப் பொறி பூப்போல விரிந்தால் சரி. வயர் பக்கமாக விரிந்தால் காயில் முனைகளை மாற்றிப் பூட்டுங்கள். இருட்டிய பிறகு ஷெட்டில் செய்து பாருங்கள், அந்தச் சின்ன ஆரஞ்சுச் சுடர் அப்படியே தெரியும். ஈரக்கையோடு வேண்டாம்.

காயில் சரியென்றால் ஜெனித் கார்புரேட்டர். ஐடிலிங் நடுங்கி, வேகத்தில் சரியாகிவிட்டால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. ஐடிலிங் நன்றாக இருந்து வேகத்தில் திணறினால் மெயின் ஜெட் அல்லது பம்ப். ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் குடிக்கத் தொடங்கிவிடும். இரண்டு முறைக்கு மேல் அடைத்தால் குற்றவாளி டாங்க். டாங்க்குக்குள் துருவை மூடப் பூசிய பூச்சு எத்தனாலில் உரிந்து செதில் செதிலாக வரும். வழியில் ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டால் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. எட்டு வால்வுக்கும் அப்பாவின் ஒன்பதாம் வாய்ப்பாடு போதும்: எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற எண் வால்வைச் சரிசெய்யுங்கள். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. இடைவெளியை உங்கள் இன்ஜினின் கையேட்டில் பார்த்து வையுங்கள். 1200 சிசி வண்டியும் 1500 என்று பெயர் போட்ட வண்டியும் ஒன்றல்ல.

சிவப்பு சார்ஜ் விளக்கு அணையவில்லை

ஆல்டர்னேட்டருக்குப் பழகியவர்கள் இதில் வீணாகப் பயப்படுகிறார்கள். இந்த வண்டியில் பேட்டரியை சார்ஜ் செய்வது டைனமோ. அது ஐடிலிங்கில் சார்ஜ் செய்யாது. சிக்னலில் நிற்கும்போது விளக்கு மினுக்கினால் அது இயல்பு. ஆக்சிலேட்டர் மிதித்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால்தான் வேலை.

பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் தளர்ச்சி போதும். பிறகு டைனமோவின் டி, எஃப் வயர்கள் இரண்டையும் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அதற்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்து, இன்ஜினை மெல்ல மெல்ல வேகப்படுத்துங்கள். முள் ஏறிக்கொண்டே போய் 20 வோல்ட்டைத் தொட்டால் டைனமோ நல்லது. உடனே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதற்குமேல் விரட்டினால் சுருள் எரியும். ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே நின்றால் உள்ளே ஃபீல்டு சுருளிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் பாருங்கள்.

டைனமோ நல்லது, சார்ஜ் மட்டும் இல்லை என்றால், லூகாஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வாருங்கள். அதற்குள் இருக்கும் பாயிண்டுகளைத் தொடும் ஆசை வரும், தொடாதீர்கள். முதலில் அதன் ‘இ’ முனையிலிருந்து வரும் எர்த் வயர் பாடியில் எங்கே பூட்டியிருக்கிறது என்று தேடுங்கள். என் வண்டியில் அது மூன்று பூச்சுப் பெயின்ட்மேல் உட்கார்ந்திருந்தது. கீழே வெள்ளி உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். மறுநிமிடம் விளக்கு அணைந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் 140 டாலர் கொடுத்துப் புதுப் பெட்டி வாங்கியிருந்தேன். அது இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

எர்த்தை மாற்றியிருந்தாலோ டைனமோவைக் கழற்றி மாட்டியிருந்தாலோ அதற்கு முனை கற்றுக்கொடுக்க வேண்டும். எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து, டைனமோவின் எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிர் நோய் ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்த பிறகும் டைனமோ சூடாகிக்கொண்டே போகிறதா? டைனமோவையும் பேட்டரியையும் பிரிக்கும் கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டு, பேட்டரி டைனமோவுக்குள் வடிகிறது. உடனே பேட்டரி முனையைக் கழற்றுங்கள். யோசனையெல்லாம் பிறகு.

சூடேறுகிறது

சின்ன ரேடியேட்டர் என்று குறை சொல்லாதீர்கள். சரியான நிலையில் அது போதும். இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம் வருஷக்கணக்கில் சேர்ந்த சேறு பெயின்ட் அடிப்பதால் போகாது. வடிகால் குழாயைத் திறந்து தண்ணீர் வரவில்லை என்றால் துளைக்குள் கம்பி விட்டுக் கிளறுங்கள். காப்பித்தூள்போல வரும். ரேடியேட்டரின் செதில்களுக்குமேல் தடித்த கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தால் அதுவும் சூட்டை அடைக்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் சூடேறும். இன்றைய 15 பவுண்டு அழுத்த மூடியை மாட்டாதீர்கள். அந்தக் காலத்து ரேடியேட்டர் சால்டரும் ஹீட்டர் இணைப்பும் அதைத் தாங்குவதற்குச் செய்தவையல்ல.

கிளட்ச், கியர்

1954 ஆகஸ்டில் இன்ஜினும் கியர்பாக்ஸும் மாறியபோது கிளட்சும் ஹைட்ராலிக் ஆனது. கியர் போடும்போது கரகரவென்று பல் கடித்தால், பெடலை இரண்டு முறை வேகமாக மிதித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். கடிக்கவில்லை என்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் ரப்பர் கசிகிறது. தரை விரிப்பைத் தூக்கிப் பெடல் பக்கமும் பாருங்கள். கசிந்த எண்ணெய் புதுக் கம்பளத்தை நனைத்துப் பெயின்ட்டையும் உரிக்கும்.

கியர் கோல் நடுவில் சிக்கிக்கொண்டால் பலத்தைக் காட்டாதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கோலை ஆட்ட, நீங்கள் பானெட்டைத் திறந்து இணைப்புக் கம்பிகளைப் பாருங்கள். கோல் அசைந்தும் கம்பி அசையாத இடத்தில் புஷ் தேய்ந்திருக்கிறது. ஒரு சின்ன புஷ் தேய்ந்ததற்காக கியர்பாக்ஸையே இறக்கிய கதை ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறேன்.

பிரேக்

இதில் மட்டும் பரிசோதனை மனப்பான்மையே வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் பாதை. எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கும் போகும், மிச்சம் ஹாண்ட் பிரேக்தான். பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு, வண்டி கனமாகி, டிரம் சூடானால் இரண்டு இடங்கள். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இல்லாமல் பூட்டியிருப்பார்கள். எண்ணெய் திரும்பி வர வழியிருக்காது. அல்லது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கும். வெளியே புதிதாகத் தெரியும், போக விட்டுத் திரும்ப விடாது. சிக்கிய சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விடுபட்டு, மாஸ்டர் பக்க இணைப்பைத் தளர்த்தியபோது விடுபடாமல் இருந்திருந்தால், ஹோஸ்தான். பிறகு முறையாகக் காற்றெடுத்து மூடுங்கள். எந்த எண்ணெய் ஊற்றியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; டாட் 4-உம் சிலிக்கோன் வகையான டாட் 5-உம் கலக்கக் கூடாது.

ஒரு பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்கத்து டிரம்மைத் திறங்கள். லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கும்.

ஸ்டியரிங் அலைகிறது

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 85 அங்குலம்தான். அதே காலத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைவிடக் குறைவு. நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதற்குமேல் அலைந்தால் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் பக்கத் தேய்மானம். புதுப்பித்த வண்டியில் கிரீஸ் நிப்பிள்களுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். துப்பாக்கியை அழுத்தினால் கிரீஸ் வெளியிலேயே வழியும், உள்ளே போகாது. நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, பழைய கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை அடியுங்கள். டயர் மூல அளவு 5.20-13. ரேடியல் போடுவதானால் 155/80 ஆர் 13 உட்காரும். ஆனால் நான்கும் ரேடியலாக இருக்க வேண்டும். பழைய வகை இரண்டு, ரேடியல் இரண்டு என்று கலந்தால் அலைச்சல் தீரவே தீராது.

யு டர்ன் எடுக்க இடம் போதவில்லை என்றால் கோளாறு தேடாதீர்கள். மட்கார்டு மூடிய முன்சக்கரம் அதற்குமேல் திரும்பாது. வண்டி சின்னது, அது கேட்கும் வட்டம் பெரியது.

சில்லறைத் தொல்லைகள்

பெட்ரோல் முள் மனம்போனபடி ஆடினால் டாங்க்கைக் கவனியுங்கள். டாங்க்குக்குப் பெயின்ட் அடித்ததால் அளவுமானிக்கு எர்த் இல்லாமல் போயிருக்கும். டாங்க்கிலிருந்து பாடிக்கு ஒரு தனி வயர் போட்டால் தீரும்.

1959-க்கு முந்தைய மெட்ரோவில் டிக்கிக்கு வெளியே கதவு கிடையாது. பின்சீட்டின் முதுகைச் சாய்த்துத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அங்கே தண்ணீர் நின்றால் மாதக்கணக்கில் தெரியாது. புழுங்கல் வாடை அடித்தால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி தாங்கியின் போல்ட் துளைகளைச் சுற்றிக் கசிகிறதா என்று ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் உள்ளே படுத்தவள் என் மகள். ஒன்பது வயது, அளவாகப் பொருந்தினாள்.

கதவு திடீரென்று சரியாகச் சாத்தவில்லையா? கீலைத் தளர்த்துமுன் வண்டிக்கு அடியில் பாருங்கள். மெட்ரோவுக்குத் தனிச் சேஸிஸ் இல்லை, பாடியே சேஸிஸ். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் பக்கவாட்டுச் சட்டம் துருவேறி வலுவிழந்திருக்கிறது. பெயின்ட்டுக்குக் கீழே புட்டி நிரப்பி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. சமையலறை ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, சட்டத்தின் நெடுகிலும் வைத்துக்கொண்டே போங்கள். இதற்கு வெல்டர்தான் வேண்டும், ஸ்பேனரால் ஆகாது.

கடைசியாக ஷெட் தரையில் எண்ணெய்ச் சொட்டு. பி-சீரிஸ் இன்ஜினின் பின் கிராங்க் முனையில் இன்றைய ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுமரைதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. இன்ஜின் சுற்றும்போது அது வேலை செய்யும், நின்றதும் ஒன்றிரண்டு சொட்டு விழும். இரவில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நாலணா அளவுக்கு ஒரு வட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டு அளவுக்கு இருந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடுகிறது; மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதன் பிறகு கம்ப்ரஷன் எடுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளன்று அப்பா அந்த அட்டையைக் குனிந்து பார்த்தார். “சொட்டுது, நல்லாயிருக்கு. சொட்டலன்னாதான் உள்ள எண்ணெய் இருக்கான்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.